பக்கத்தின் இடது அடியில்

அத்தை தட்டச்சு செய்து முடித்த ஒவ்வொரு பக்கத்தின் இடது அடியிலும் ஒரு குறி இருக்கும். பேனாவால் போட்ட ஒரு சாய்ந்த கோடு, அதற்குக் கீழே இரண்டு புள்ளி. எறும்பு அளவுதான். தெரிந்தவர் கண்ணுக்கு மட்டுமே படும்.

அந்தக் குறியைப் போடச் சொன்னவர் அவள் வேலை பார்த்த அலுவலகத்தின் வக்கீல். எங்கள் வீட்டிலும் அவரை 'சார்' என்றுதான் சொல்வோம். எப்போதோ ஒரு வழக்கின் மனுவுக்குள் வேறு வழக்கின் பக்கம் ஒன்று நுழைந்து, அப்படியே நீதிபதியின் மேஜை வரைக்கும் போய்விட்டதாம். நிறைந்த நீதிமன்றத்தில் சார் தலைகுனிந்து நின்றிருக்கிறார். அதிலிருந்து, எழுத்துக்கு எழுத்து சரிபார்த்த பக்கத்தில் மட்டும் அத்தை குறி போடுவாள். குறி இருந்தால்தான் சார் கையெழுத்துப் போடுவார்.

"குறி இல்லாத பக்கத்தை என் மேஜைக்கே கொண்டு வராதீங்க டைப்பிஸ்டம்மா. இருந்துச்சுன்னா கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவேன்."

விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, வருஷக்கணக்கில் அப்படியேதான் செய்தார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். அந்த விவாகரத்துக்காகத்தான் முதன்முதலில் சாரின் அலுவலகப் படி ஏறினாள். வழக்கு முடிந்தது. அவள் அங்கேயே தட்டச்சு மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மாலைக் கல்லூரியில் சட்டம் சேர்ந்தாள். வேலை முடிந்து, வகுப்பு முடிந்து, வீட்டுக்கு வரும்போது நாங்கள் சாப்பிட்டு முடித்திருப்போம். மூடி வைத்த தட்டைத் திறந்துகொண்டே அன்று நடத்திய பாடத்தை எனக்குச் சொல்வாள். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. பாதி புரியாது. ஆனால் அந்தக் குரலில் இருந்த பசி எனக்குப் புரியும்.

சட்டப் பட்டம் எப்படித் தருகிறார்கள் என்று நான் தெரிந்துகொண்டது அவள் வழியாகத்தான். விடைத்தாளின் முகப்பில் இருக்கும் பெயர்த் துண்டைக் கிழித்துவிட்டு ஓர் எண்ணைப் போடுவார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துவார்கள். இரண்டு மதிப்பெண்ணும் வெகுதூரம் விலகி நின்றால் தாள் மூன்றாவது ஆளிடம் போகும். ஒவ்வொரு தாளிலும் நாற்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி, எல்லாம் சேர்ந்து அறுபது விழுக்காட்டைத் தாண்டினால் முதல் வகுப்பு. நுழைவுச் சீட்டின் பின்புறம் ஒரு வரி உண்டு: பெயர், கையொப்பம், கடவுள் பெயர், தனி அடையாளம் எதுவும் விடைத்தாளில் எங்கும் இருக்கக் கூடாது. இருந்தால் அந்தத் தாள் செல்லாது.

அத்தையும் அந்த வரியைப் படித்திருக்கிறாள். எத்தனையோ முறை.

கடைசியில் அவளுக்கு ஒரே ஒரு தாள் மிச்சம் நின்றது. மனு வரையும் தாள். வேடிக்கை என்னவென்றால், அதில்தான் போன முறை தோற்றிருந்தாள். அப்பா ஒரு வாரம் சிரித்தார்.

"ஊருக்கெல்லாம் மனு அடிக்கிறவளுக்கு மனு எழுதத் தெரியலையாம்! வக்கீலம்மா, நாளைக்கு உங்க கட்சிக்காரன் எங்கே போய் அழுவான்?"

"சிரிண்ணா, நல்லாச் சிரி. உன் வீட்டுப் பத்திரத்துல தகராறு வரட்டும், எங்கிட்டத்தானே வரணும்."

பதில் சொன்னாளே தவிர உள்ளுக்குள் அது அவளைச் சுட்டிருக்கிறது. அதனால் இந்தத் தடவை பரீட்சை எழுதுவதையே சாரிடம் சொல்லவில்லை. காய்ச்சல் என்று விடுப்பு எடுத்துக்கொண்டு போய் எழுதிவிட்டு வந்தாள். இது கடைசி வாய்ப்பு. படிப்புக் காலத்தைப் போல இரண்டு மடங்கு காலத்துக்குள் முடிக்காவிட்டால் பட்டம் கிடையாது, அதுவரை தேறிய தாள்களும் வீண். முதல் இரண்டு வருஷத் தாள்களுக்கு மட்டும் ஆறுதலாக ஒரு டிப்ளமோ தருவார்கள். அதை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் வாய் திறக்க முடியாது.

முடிவு வந்த அன்று என் கைபேசியில்தான் பார்த்தோம். மனு வரையும் தாளுக்கு எதிரே மதிப்பெண் இல்லை. 'நிறுத்திவைக்கப்பட்டது' என்று இருந்தது.

"அப்படின்னா பாஸா, பெயிலா?" என்றார் அப்பா.

"ரெண்டும் இல்லை," என்றாள் அத்தை. கைபேசியை வாங்கி, அந்த ஒரு சொல்லைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்கினால் அடியில் வேறு ஏதாவது தெரியும் என்று நினைத்தது போல.

மறுநாள் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவுக்குப் போனோம். நீண்ட தாழ்வாரம். ஒரு பக்கம் முழுக்கக் கம்பி ஜன்னல்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எங்கள் ஜன்னலில் இருந்தவர் எண்ணைத் தட்டிப் பார்த்தார். அதுவரை பக்கத்து ஜன்னல்காரரோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவர், திரையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"கட்டணம் எல்லாம் கட்டிட்டீங்களாம்மா?"

"கட்டியாச்சு சார்."

"வருகைப்பதிவு?"

"குறைவே இல்லை."

"அப்ப இது அது இல்லை." திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "வீட்டுக்குப் போங்க. அவங்களே கூப்பிடுவாங்க."

"யாரு கூப்பிடுவாங்க?"

"கூப்பிடும்போது தெரியும்மா. அடுத்த ஆள் வாங்க."

அந்த வாரம் முழுக்க அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. அலுவலகம் போனாள், வந்தாள். நானும் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்த சமயம். சட்டக் கல்லூரிக்கே விண்ணப்பம் போடலாம் என்று ஒரு யோசனை. ஏன் சட்டம் படிக்க விரும்புகிறேன் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டியிருந்தது. அதை அத்தைதான் அடித்துக் கொடுத்தாள். அச்சுப் பிரதியை மேஜையில் வைத்து, பேனா முனையால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். கடைசி வரி முடிந்ததும் பேனா தானாக இறங்கிப் பக்கத்தின் இடது அடிக்குப் போனது. ஒரு கோடு. இரண்டு புள்ளி.

"இது என்ன அத்தை?"

"எது?"

"இதோ, இப்ப போட்டியே."

"நான் ஒண்ணும் போடலையே." குனிந்து பார்த்தாள். நிமிரவே இல்லை. பேனாவைக் கீழே வைக்க முயன்றாள், விரல்கள் விடவில்லை. இன்னொரு கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.

"மனு எழுதினேன்டி அந்தத் தாள்ல," என்றாள் மெதுவாக. "முழு மனு. பக்கம் பக்கமா. எழுதி முடிச்சு, உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமா சரிபார்த்தேன்."

அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் சாரைப் பார்க்கக் கிளம்பியவள் என்னையும் கூப்பிட்டாள். தனியாகப் போகப் பயம் என்று சொல்லவில்லை. "குடை பிடிக்க ஆள் வேணும்," என்றாள். மழை ஒன்றும் இல்லை.

சாரின் அறையில் சுவர் உயரத்துக்குக் கட்டுகள். அவர் மேஜை மட்டும் துடைத்து வைத்தது போல் இருக்கும். அத்தை நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்: காய்ச்சல் பொய், பரீட்சை, குறி, நிறுத்திவைப்பு. சார் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"மனு வரையும் தாளா?"

"ஆமா சார்."

"வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்ற மனுவா வந்தது?"

அத்தைக்கு முகம் வெளுத்தது. "உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். நின்ற இடத்திலிருந்து விழுந்த மாதிரி இருந்தது. "அந்தத் தாளைத் திருத்தி முதல் மதிப்பெண் போட்டதே நான்தான். எனக்கு உங்க கையெழுத்து தெரியாதேம்மா. இத்தனை வருஷமா நீங்க அடிச்சதைத்தானே பார்க்கிறேன்."

"குறியைப் பார்க்கலையா சார்?"

"பார்த்திருப்பேன். அதுதான் பிரச்சனை." கண்ணாடியைக் கழற்றினார். "அந்த இடத்துல அந்தக் குறி இருந்தா என் கண்ணு அடுத்த பக்கத்துக்குப் போயிடும். பழக்கம். எல்லாம் சரியா இருக்குன்னு மனசு சொல்லிடுச்சு. அந்தக் கட்டுல ஒரே ஒரு தாளுக்குத்தான் எழுபதுக்கு மேல போட்டேன், அது உங்களுதாத்தான் இருக்கும். இன்னொருத்தர் ரொம்பக் கம்மியாப் போட்டிருப்பார். மூணாவது ஆள் கிட்ட போயிருக்கும். அந்த ஆள் கண்ணுல பட்டிருக்கு."

தாள்களை வாங்கும்போது ஒவ்வொரு திருத்துநரும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்: என் வீட்டாரோ, மாணவரோ, என்னிடம் வேலை செய்பவரோ இந்தத் தேர்வை எழுதவில்லை. சார் எழுதிக் கொடுத்திருந்தார். அவருக்குத் தெரிந்தவரை அது உண்மை.

"விசாரணைக்குக் கூப்பிடுவாங்க," என்றார். "அது சும்மா கிறுக்கினதுன்னு சொல்லிடுங்க. ஆபீஸ் பேர் மட்டும் வாயில வரக் கூடாது. வந்துச்சுன்னா, நீங்க எனக்குக் காட்டத்தான் குறி வெச்சீங்க, நான் அதைப் பார்த்துத்தான் மார்க் போட்டேன்னு ஆயிடும். உங்க பட்டமும் போச்சு, என் கோட்டும் போச்சு."

திரும்பி வரும்போது அத்தை குடையை விரித்துக்கொண்டாள். தெருவில் யாரும் தன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதற்காக இருக்கும்.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் கேலி நின்றுபோனது. அது நின்றதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. "டிப்ளமோவை வாங்கிக்கிட்டு விட்டுடும்மா," என்றார், 'வக்கீலம்மா' என்று கூப்பிடாமல்.

விசாரணை அறை மாடியில், தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. உள்ளே புழுக்கம் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு பேராசிரியை, அவர்தான் தலைவர். அவருக்கு வலப்பக்கம் ஒரு தாடிக்காரர். இடப்பக்கம் குறிப்பு எடுப்பவர். மேஜை மேல் அத்தையின் விடைத்தாள், முகப்பு எண்ணோடு.

"இது என்ன?" என்றார் தலைவரம்மா.

"நான் போடுற குறி மேடம்."

"எதுக்கு?"

"பக்கத்தைச் சரிபார்த்தா போடுவேன். ஆபீஸ்ல அப்படிப் பழக்கம்."

"எந்த ஆபீஸ்?"

உள்ளே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கிறுக்கல் என்று சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே 'ஆபீஸ்' என்ற சொல் வெளியே வந்துவிட்டது. அத்தை சாரின் பெயரைச் சொன்னாள்.

தாடிக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "முதல்ல மார்க் போட்டது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எழுதும்போது தெரியாது சார். இப்ப தெரியும்."

"அடேயப்பா, வசதியான ஞாபகம்."

தலைவரம்மா கையால் அவரை அடக்கினார். குரலை இறக்கிப் பேசினார். "பாருங்கம்மா. பட்டம் வேண்டாம், டிப்ளமோ போதும்னு எழுதிக் கொடுங்க. இதை இத்தோட மூடிடலாம். யாரையும் கூப்பிட வேண்டாம், எதையும் கிளற வேண்டாம். உங்க சாருக்கும் நல்லது."

"டிப்ளமோவை வெச்சுக் கோர்ட்ல நிக்க முடியுமா மேடம்?"

"முடியாது."

"அப்ப வேண்டாம் மேடம்."

"சரி. அப்படின்னா ஒண்ணு கேட்கிறேன், யோசிச்சுச் சொல்லுங்க. மத்த தாள்கள்லயும் இந்தக் குறி இருக்கா?"

அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்குச் சற்றுப் பிந்தித்தான் உறைத்தது. மற்றத் தாள்களில் குறி இல்லையென்றால், சாருக்குக் காட்டத்தான் இதில் மட்டும் போட்டிருக்கிறாள் என்று ஆகும். எல்லாவற்றிலும் இருந்தால் அது வெறும் பழக்கம் என்று ஆகும். ஆனால் விதிப்படி எல்லாத் தாளும் செல்லாது.

"எனக்குத் தெரியலை மேடம்," என்றாள் அத்தை. "என் கை என்ன பண்ணுச்சுன்னு எனக்கே தெரியலை. எடுத்துப் பாருங்க."

"எடுத்தா என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?" என்றார் தாடிக்காரர்.

"தெரியும் சார். எப்படி இருந்தாலும் எனக்குக் கெடுதல்தான். ஆனா பார்க்காம விட்டா, பொய் சொன்னவள்னு ஆயிடும்."

கட்டுகளைக் கொண்டுவர வெகுநேரம் ஆனது. பழைய தாள்களைக் காகிதக் கூழுக்கு அனுப்பிவிடுவார்களாம். கடைசி வருஷத் தாள்கள் மட்டும் இருந்தன. சாக்கு நூலை அறுத்து, தேடி எடுத்து, மேஜையில் வைத்தார்கள். பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தலைவரம்மாவின் குரல்.

"இருக்கு."

இன்னொரு தாள். "இதுலயும் இருக்கு."

மூன்றாவது தாளை எடுத்தவர் முகப்பைத் திருப்பித் திருத்தியவரின் கையொப்பத்தைப் பார்த்தார். அப்படியே அதைத் தாடிக்காரர் பக்கம் நகர்த்தி வைத்தார்.  தாடிக்காரரும் பார்த்தார். அது அவருடைய கையொப்பம் என்று அத்தை பின்னால் சொன்னாள். அவர் திருத்திய தாள். பக்கம் தவறாமல் இடது அடியில் கோடும் புள்ளிகளும் இருந்தன, ஒன்றைக்கூட அவர் பார்த்திருக்கவில்லை.

எல்லாத் தாளும் செல்லாது என்று எழுதினால், எல்லாத் தாளையும் திருத்தியவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அதை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. குறிப்பு எடுத்தவர் பேனாவை மூடிவிட்டார்.

"நீங்க வெளியே இருங்கம்மா," என்றார் தலைவரம்மா. தாடிக்காரரே எழுந்து வந்து கதவைச் சாத்தினார். அவர்களுக்கு அதற்குப் பிறகு புழுக்கமாக இல்லை போலும்.

முடிவு சில வாரங்களுக்குப் பின் வந்தது. மனு வரையும் தாளை வெளியூர் ஆள் ஒருவர் புதிதாகத் திருத்தினார். நாற்பத்தேழு. விசாரணைக்கு உட்பட்டவர்களுக்கு வகுப்பு கிடையாது என்பதால், மொத்தத்தில் அறுபதைத் தாண்டியும் பட்டத்தில் 'தேர்ச்சி' என்று மட்டும் வரும். மற்றத் தாள்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சாரின் பெயரைத் திருத்துநர் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். வக்கீல்களின் பார் கவுன்சிலுக்கும் அவரைப் பற்றி எழுதியிருந்தார்கள். விசாரணை நடந்த அறையில் இல்லாதவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் அத்தை அலுவலகம் போனபோது தட்டச்சு மேஜையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். சார் கோபப்படவில்லை. அத்தை வீட்டில் வந்து அப்படியே சொன்னாள்.

"நீங்க உண்மையைத்தான் சொன்னீங்க, அதுல தப்பே இல்லைன்னார். ஆனா இனிமே உங்க குறியைப் பார்த்து என்னால கையெழுத்துப் போட முடியாது டைப்பிஸ்டம்மா, ஒவ்வொரு பக்கமும் படிக்க வேண்டியிருக்கும்னார்."

அப்பா அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

பட்டம் வாங்கவும் நாங்கள் இருவரும்தான் போனோம். மேடையில் வாங்க அத்தைக்கு மனமில்லை. அதே தாழ்வாரம், அதே ஜன்னல்காரர். இந்தத் தடவை அவர் சிரித்தார்.

"கூப்பிட்டாங்களாம்மா?"

"கூப்பிட்டாங்க சார்."

"நல்லது." கெட்டியான தாளைக் கம்பிக்கு அடியில் தள்ளினார். "வலது பக்கம் கட்டத்துக்குள்ள உங்க கையெழுத்து. இங்கேயே, என் கண் முன்னால. அதைத் தவிர ஒரு புள்ளிகூட எங்கேயும் விழக் கூடாது. விழுந்தா செல்லாது, இன்னொண்ணு அடிச்சுத் தர மாட்டோம்."

அத்தை பேனாவை எடுத்தாள். முதலில் படித்தாள். தன் பெயர், படிப்பு, வருஷம், 'தேர்ச்சி' என்ற சொல், முத்திரை. ஒவ்வொரு வரியையும் பேனா முனை காற்றில் தொட்டுக்கொண்டே போனது. எழுத்துப் பிழை இல்லை. கட்டத்துக்குள் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு பேனா முனை தாளை விட்டு எழும்பியது, அந்தக் கை எழும்பவில்லை. தாளின் அடியோரமாகவே இடது பக்கம் நகர ஆரம்பித்தது. ஜன்னல்காரர் அடுத்த ஆளின் சீட்டை வாங்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். அத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல.

"அத்தை," என்றேன்.

பேனா முனை மூலைக்கு விரற்கடை தூரத்தில் இருந்தபோது, அவளுடைய இடது கை மேலே வந்து வலது மணிக்கட்டைப் பிடித்தது. நரம்பு புடைக்கப் பிடித்தது. பேனாவை நான்தான் உருவி எடுத்தேன்.

தாள் சுத்தமாக இருந்தது. பேருந்தில் அதை என் மடியில் வைத்துக்கொண்டேன். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு வந்து சேரும் வரை இடது கை பிடியை விடவில்லை.